குருசடை, 1958: அலமாரியில் கிடைத்த பாட்டிலும் நம் கரையோர வளாகங்களின் பழைய கதைகளும்

கேம்ப்காரன் | ஞாயிறு, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வேலை தலையில் விழுந்துவிட்டது, நீங்கள்தான் கை கொடுக்க வேண்டும்.

நான் படித்த கல்லூரியில் (பெயர் வேண்டாம், நம் ராமநாதபுரம் மாவட்டத்துக் கலைக் கல்லூரி ஒன்று) பழைய மாணவர்கள் சேர்ந்து மலர் போடுகிறார்கள். "வளாகத்தின் அடையாளங்களும் மரபுகளும்" என்று இரண்டு பக்கத்தை என் பேரில் எழுதிவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். அடையாளம் என்றால் ஒரு வேப்பமரம், ஓடாத கடிகாரம், சைக்கிள் ஸ்டாண்டு. மரபு என்ன என்று பையன்களைக் கேட்டால், கடைசி நாளில் சட்டையில் மார்க்கரால் கையெழுத்துப் போட்டுக்கொள்வது "காலங்காலமா நடக்குது சார்" என்கிறார்கள். எங்கள் காலத்தில் மார்க்கர் ஏது? பேனா மையை உதறிவிட்டு ஓடுவோம். அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போய் அடி வாங்குவோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விலங்கியல் துறையில் ஒரு மியூசியம் அறை. அலமாரியின் கீழ்த்தட்டில், பல்லிக்கும் பாம்புக்கும் பின்னால், ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான கண்ணாடி ஜாடி. மூடி தேய்த்த கண்ணாடி. உள்ளே மஞ்சள் தண்ணீரில் வெளுத்துப்போன புழு மாதிரி இரண்டு துண்டு. வெளியே பழுப்பேறிய சீட்டில் சாய்ந்த ஆங்கில எழுத்து: பாலனோகிளாசஸ், குருசடைத் தீவு, 20-1-58.

இதில் என்ன குழப்பம் என்றால், எங்கள் கல்லூரி தொடங்கியதே அறுபதுகளில்தான். கல்லூரியைவிட அதில் இருக்கும் பாட்டிலுக்கு வயது அதிகம். எப்படி? யாருக்காவது தெரியுமா?

வாடைக்காத்து | ஞாயிறு, இரவு 9.30

புழு நடந்து வந்து சேர்ந்திருக்கும். அப்போதெல்லாம் அட்மிஷன் சுலபம்.

பழைய விலங்கியல் | ஞாயிறு, இரவு 11.05

தம்பி, முப்பது வருடம் இதைப் பாடம் நடத்தியவன் நான். குழப்பமே இல்லை. புதிதாக ஒரு கல்லூரியில் விலங்கியல் துறை தொடங்கினால் அலமாரி காலியாக இருக்கும். பழைய கல்லூரிகளில் இரண்டாவது, மூன்றாவது பிரதியாக இருப்பதைக் கேட்டு வாங்கி நிரப்புவோம். மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வந்திருக்கும். ஆனால் பொருள் நம் கடலில் பிறந்தது, குருசடை பாம்பனை ஒட்டிய தீவுதானே. அதாவது பாம்பனில் எடுத்து, ரயிலேறி மதுரைக்குப் போய், திரும்பவும் நம் ஊருக்கே வந்திருக்கிறது.

நீங்கள் மரபு என்று தேடுகிறீர்களே, அதுதான் இது. வேப்பமரத்தை விடுங்கள். சென்னை மாகாணத்தில் விலங்கியலோ தாவரவியலோ படித்த பல தலைமுறை மாணவர்களுக்குக் குருசடை ஸ்டடி டூர் என்பது காதுகுத்து மாதிரி, ஒரு தடவை நடந்தே ஆகவேண்டும். தீவில் மீன்வளத் துறையின் ஆய்வு நிலையம் இருந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் கிரேவ்லி, குருசடைக் கரையோர உயிரினங்களைப் பற்றி 1927இல் ஒரு தொகுப்பே வெளியிட்டார். சின்னஞ்சிறு தீவுக்கு ஒரு புத்தகம். அதற்கப்புறம்தான் "உயிரியலாளரின் சொர்க்கம்" என்ற பேர் நிலைத்தது.

ஏன் சனவரி மாதம் என்று யாராவது யோசித்தீர்களா? கடற்கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வாடைக் காலத்தில் (வடகிழக்குக் காற்று) வடகடல், அதாவது பாக் விரிகுடா, கொந்தளிக்கும்; தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, சும்மா இருக்கும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது அது தலைகீழ். குருசடை தென்கடலில் இருக்கிறது. கச்சான் காலத்தில் முப்பது பையன்களை வத்தையில் (நாட்டுப் படகில்) ஏற்றிப் போனால் பாதிப் பேர் வாந்தி, மீதிப் பேர் அழுகை. அதனால் மார்கழி, தையில்தான் வருவோம். அதிலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வந்தால்தான் தண்ணீர் நன்றாக வத்தும். உங்கள் சீட்டில் உள்ள தேதி தை அமாவாசையை ஒட்டி வருகிறது, பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ரயில் முழுக்க அக்னி தீர்த்தத்துக்குப் போகிற கூட்டம். ஒரு பக்கம் எள்ளும் பிண்டமும், இன்னொரு பக்கம் உயிரினங்களைப் பதப்படுத்தும் ஃபார்மலின் டப்பா. எங்களைப் பார்த்து ஒரு பாட்டி, "நீங்க எந்தச் சாமிக்கு எடுத்துட்டுப் போறீங்க?" என்று கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது.

பாலனோகிளாசஸை எடுப்பது தனி வித்தை. வத்தின மணலில் சேமியா பிழிந்தது மாதிரி மணல் சுருள் கிடக்கும். அந்த இடத்தில் கையால் மெதுவாகத் தோண்ட வேண்டும், மண்வெட்டி போட்டால் போச்சு. தொட்டாலே அறுந்துபோகும், முழுசாக வருவது அபூர்வம். உங்கள் ஜாடியில் இரண்டு துண்டு என்றீர்களே, அது இரண்டு பிராணி அல்ல, ஒன்றாகத்தான் இருக்கும். கையில் எடுத்ததும் ஆஸ்பத்திரி வாசம் அடிக்கும், அயோடோஃபார்ம் வாசம். சோப்புப் போட்டுக் கழுவினாலும் சாப்பிடும்போது மூக்கில் ஏறும். முதுகெலும்பில்லாத உயிர்களுக்கும் முதுகெலும்பிகளுக்கும் நடுவில் நிற்கிற பிராணி என்று வகுப்பில் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அந்த வாசம் அடித்த பிறகுதான் பையன்கள் நம்புவார்கள்.

1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் 21ஐயும் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். நினைத்தபடி இறங்கி அள்ளிக்கொண்டு வருவது அதோடு முடிந்தது. முடிந்தது நல்லதுதான் என்பது என் கருத்து. நாங்கள் அள்ளியதும் கொஞ்சநஞ்சமல்ல.

முகவை மைந்தன் | திங்கள், காலை 6.48

அருமை ஐயா!! ஆனால் நம் மண்ணின் பெருமையை இன்னும் சொல்லியிருக்கலாம். உலகிலேயே முதல் கடல் பல்கலைக்கழகம் மண்டபத்தில்தான் தொடங்கியது. கலாம் ஐயாவும் அங்கே வந்து படித்துத்தான் விஞ்ஞானி ஆனார். இதையெல்லாம் திட்டமிட்டு மறைக்கிறார்கள்.

பழைய விலங்கியல் | திங்கள், காலை 7.20

தம்பி, காலையிலேயே ரத்த அழுத்தத்தை ஏற்றாதீர்கள். மண்டபத்தில் இருப்பது பல்கலைக்கழகம் அல்ல, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். 1947 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கி, 1949இல் மண்டபம் கேம்ப்புக்கு வந்தது. 1971இல் தலைமையகம் கொச்சிக்குப் போய்விட்டது, இப்போது இங்கே இருப்பது மண்டல மையம். கலாம் படித்தது ராமநாதபுரம் ஷுவார்ட்ஸ் பள்ளி, திருச்சி செயின்ட் ஜோசப், அப்புறம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.

"முதல்" என்று ஒன்று வேண்டுமானால் உண்மையிலேயே ஒன்று இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள். பவளப்பாறை ஆய்வாளர்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை உலகெங்கும் கூடுகிறார்களே, அந்தச் சர்வதேச மாநாட்டு வரிசையில் முதலாவதாக எண்ணப்படுவது 1969 சனவரியில் மண்டபம் கேம்ப்பில் நடந்ததுதான். அதே காலத்தில் அதே கரையில் பவளப்பாறையை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

முகவை மைந்தன் | திங்கள், காலை 7.41

சரி ஐயா. பல்கலைக்கழகம் என்பதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தலைமையகம் போனது மட்டும் இன்னும் வயிற்றெரிச்சல்தான்.

கேம்ப்காரன் | திங்கள், இரவு 8.15

ஐயா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். என் இரண்டு பக்கத்தில் ஒன்றரைப் பக்கம் நீங்களே எழுதிவிட்டீர்கள்.

மண்டபம் கேம்ப் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன், நான் அங்கேயே பிறந்து வளர்ந்தவன். அப்பா ஆராய்ச்சி நிலையத்தில் படகு வேலை. எனக்குத் தெரிந்த முதல் வளாகம் எது என்றால் அதுதான். ரயில்வேயில்கூட மண்டபம் வேறு ஸ்டேஷன், மண்டபம் கேம்ப் வேறு ஸ்டேஷன். வெளியூர்க்காரர்கள் மாற்றி இறங்கிவிட்டு வெயிலில் நடந்து வருவார்கள்.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்துக் கதை ஒன்று ஓடும், ஆவுளியா (கடற்பசு) கதை. 1959இல் ஒரு ஜோடி ஆவுளியாவை நிலையத்தில் தொட்டியில் வைத்து வளர்த்தார்கள். அப்போது அங்கே தலைமையில் இருந்த எஸ். ஜோன்ஸ் அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். தாத்தா சொல்வது இதுதான்: தினம் விடிகாலையில் தாழை (கடல்புல்) பிடுங்கிக்கொண்டு வர வேண்டும், கொஞ்சம் வாடியிருந்தாலும் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "உங்க அப்பத்தாகூட இவ்வளவு ருசி பார்த்ததில்லை" என்பார். அதைப் பார்க்க வருகிற கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக நின்று ரெக்கார்டு நோட்டில் படம் வரைவார்களாம். இப்போது ஆவுளியாவைக் காப்பதற்காகப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டருக்குக் காப்பகம் அறிவித்திருக்கிறார்கள், 2022இல். அது தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கக் கடல்.

உச்சிப்புளி உமர் | திங்கள், இரவு 9.02

கேம்ப் என்ற பேரே 83க்கு அப்புறம் இலங்கை அகதிகள் வந்ததால்தானே வந்தது? 49இலேயே எப்படி மண்டபம் கேம்ப்?

தலைமன்னார்பேரன் | திங்கள், இரவு 10.37

இல்லை அண்ணே. நிறையப் பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் குடும்பமே அந்தக் கேம்ப் வழியாகப் போய், அந்தக் கேம்ப் வழியாகவே திரும்பி வந்ததால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

1914இல் பாம்பன் பாலம் வந்தது. ரயில் தனுஷ்கோடி வரை போகும், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிமார் ஆள் திரட்டிக்கொண்டு போன பாதை இதுதான். கொள்ளைநோயும் காலராவும் தங்கள் ஊருக்கு வந்துவிடக் கூடாது என்று இலங்கை அரசாங்கம் நம் கரையில் நடத்திய தடுப்பு முகாம்தான் மண்டபம் கேம்ப். அங்கே சில நாள் நிறுத்தி, குளிக்க வைத்து, துணியை அவித்து, ஊசி போட்டு அனுப்புவார்கள். ஆள் எந்தத் தோட்டத்துக்கு என்று எண் அடித்த சின்னத் தகர வில்லை ஒன்றைக் கழுத்தில் கட்டிவிடும் வழக்கம் 1901இலிருந்தே இருந்தது. எங்கள் பூட்டனாருடையது ரொம்ப நாள் வீட்டுத் தகரப்பெட்டியில் கிடந்தது. பத்துப் பைசா அளவுகூட இருக்காது, ஓட்டை போட்ட இடம் தேய்ந்திருக்கும். அம்மா அதைச் சாமான் என்று நினைத்து எடைக்குப் போட்டுவிட்டார்.

1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியா ஏற்கும் என்று எழுதினார்கள். அதே வருடம் டிசம்பரில் புயல் தனுஷ்கோடியைத் தின்றுவிட்டது. அப்புறம் கப்பல் ராமேஸ்வரத்துக்கே வந்தது. என் தாத்தா குடும்பம் "ராமானுஜம்" கப்பலில் வந்து இறங்கி, முதல் ராத்திரி தூங்கியது மண்டபம் கேம்ப்பில். 83க்குப் பிறகு வந்தவர்கள் மூன்றாவது தடவை. 2021இலிருந்து அரசு கணக்கில் "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று பேர்.

கேம்ப்காரன் அண்ணனுக்குக் கோபம் வராது என்றால் ஒன்று சொல்வேன். நீங்கள் வளாகம் என்று சொல்லும் இடத்தின் வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். உங்கள் பக்கம் மியூசியம் பார்க்க வந்த காலேஜ் பஸ்கள் நிற்கும். நாங்கள் பஸ்ஸைப் பார்ப்போம். நான் காலேஜில் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் "சொந்த ஊர்" என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் "மண்டபம் கேம்ப்" என்றே எழுதினேன். கிளார்க் ஒன்றும் கேட்கவில்லை.

கேம்ப்காரன் | திங்கள், இரவு 11.20

கோபமா? நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். வேலி எங்களுக்கும் தெரியும், அதைப் பற்றி யாரும் பேசியதில்லை. உங்கள் அனுமதியோடு அந்தத் தகர வில்லையை மலரில் எழுதலாமா?

தலைமன்னார்பேரன் | திங்கள், இரவு 11.31

எழுதுங்கள். அம்மா எடைக்குப் போட்டதை மட்டும் எழுதாதீர்கள், திட்டுவார்.

கிண்டி2004 | செவ்வாய், காலை 10.10

நல்ல இழை. ராமநாதபுரத்திலிருந்து கிண்டி பொறியியல் கல்லூரிக்குப் படிக்கப் போனவன் என்ற முறையில் வயது விஷயத்தில் ஒரு விளக்கம்.

எங்கள் கல்லூரியில் எங்கே திரும்பினாலும் 1794 என்று போட்டிருக்கும். முதல் நாள் அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்து, ஆகா, இருநூறு வருடக் கட்டடம் என்று அண்ணாந்து நின்றேன். அப்புறம்தான் தெரிந்தது, 1794 என்பது கோட்டையில் தொடங்கிய நில அளவைப் பள்ளியின் வயது. கல்லூரி கிண்டிக்கு வந்ததே 1920இல்தான். அண்ணா பல்கலைக்கழகம் என்ற பெயர் 1978இல்தான் வந்தது. ஒரே வாசலில் மூன்று வயது. சீனியர்கள் சொல்லும் "மரபு" எல்லாம் நாலாவது வயது, பெரும்பாலும் அவர்களுக்கு ரெண்டு செட் முன்னால் எவனோ தொடங்கினது.

எனக்குப் பிடித்த கிண்டிக் கதை கட்டடத்தைப் பற்றியது அல்ல. நாற்பதுகளில் லலிதா என்ற பெண் அங்கே எலக்ட்ரிக்கல் படித்து 1943இல் தேறினார். பட்டச் சான்றிதழில் ஆண்பாலில்தான் அச்சடித்து வைத்திருந்தார்கள். அதை அடித்துவிட்டுப் பெண்பாலாகக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பாட்டில் சீட்டு என்றதும் எனக்கு அந்த அடித்தல்தான் ஞாபகம் வந்தது.

கலாம் பற்றி மேலே பேச்சு வந்ததே. எம்.ஐ.டி.யில் பயன்பாட்டிலிருந்து நீக்கிய இரண்டு விமானங்களை மாணவர்கள் பார்ப்பதற்காக வைத்திருந்ததையும், அவற்றைப் பார்த்துத்தான் விமானப் பொறியியல் பக்கம் மனம் போனதையும் அவரே எழுதியிருக்கிறார். அந்தக் கல்லூரியில் சேரக் காசு இல்லாமல் அவருடைய அக்கா சோஹரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்ததும் அதில் வருகிறது. ராமேஸ்வரத்துப் பையன்களுக்கு அடையாளம் என்றால் அந்த விமானம், எங்கள் வீட்டுப் பெண்களுக்கு என்றால் அந்த வளையல்.

வாடைக்காத்து | செவ்வாய், காலை 10.25

எங்கள் வீட்டில் என்னுடைய செமஸ்டர் ஃபீஸுக்கு வைத்த சங்கிலி இன்னும் திரும்பவில்லை. நான் விஞ்ஞானியும் ஆகவில்லை.

சின்னப்பாலம் செல்வி | செவ்வாய், மாலை 6.50

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், இப்போது எழுதாவிட்டால் சரிப்படாது.

என் அம்மா கடல்பாசி எடுக்கிறவர். நான் தாவரவியல் படித்தேன். முதல் வருடம் ஆய்வகத்தில் ஹெர்பேரியம் தாள்களை (உலர்த்தி ஒட்டிய மாதிரிகள்) காட்டினார்கள். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்த மேடம் ஒன்றைத் தூக்கிக்காட்டி, "ஜெலிடியெல்லா" என்றார். நான் வாய் தவறி, "மேடம், அது மரிக்கொழுந்து" என்றுவிட்டேன். வகுப்பே சிரித்தது. அடுத்தது கிராசிலேரியா, எங்களுக்குக் கஞ்சிப்பாசி. சர்காசம், எங்களுக்குக் கட்டக்கோரை. டர்பினேரியா, பக்கோடாப் பாசி. கையில் எடுத்துப் பார்த்தால் பக்கோடா மாதிரியேதான் இருக்கும். அன்று சாயங்காலம் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாப் பேரையும் எழுதி வாங்கிக்கொண்டார். அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன்.

பிறகு படித்ததில், இந்தியப் பாசியியலின் தந்தை என்று சொல்லப்படும் எம்.ஓ.பி. ஐயங்கார், சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரர், இந்தக் குருசடைப் பாசிகளைப் பற்றி எழுதியவர் என்று தெரிந்தது. மேலே ஐயா சொன்ன 1927 காலமேதான் அதுவும். படித்தபோது பெருமையாக இருந்தது. கூடவே இன்னொன்றும் தோன்றியது. அவரை வத்தையில் கூட்டிப்போனது யார்? எந்தப் பாறையில் எது வளரும் என்று காட்டியது யார்?

பழைய விலங்கியல் ஐயா, அள்ளுவது முடிந்தது நல்லது என்றீர்கள். பவளப்பாறைக்கு நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் உங்களுக்கு முடிந்தது ஒரு டூர். எங்கள் வீட்டில் முடிந்தது அடுப்பு. அம்மா விரலில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் இறங்குவார், பாறை அறுத்துவிடும் என்று. அந்தத் துணிச் சுருள் வாசல் கொடியில் காயும். தீவுப் பக்கம் போனால் வனத்துறை பிடிக்கும் என்று ஆன பிறகு அந்தக் கொடியில் பல நாள் ஒன்றும் காயவில்லை. இப்போது அதே குருசடைக்குக் குந்துக்காலிலிருந்து சுற்றுலாப் படகு போகிறது.

பழைய விலங்கியல் | செவ்வாய், இரவு 9.14

செல்வி அம்மா, நீங்கள் சொல்வது சரி. நான் என் பக்கத்திலிருந்து மட்டும் எழுதிவிட்டேன். எங்கள் டூர்களிலும் வத்தைக்காரர்தான் எங்கே இறங்க வேண்டும் என்று முடிவு செய்வார். நாங்கள் புத்தகத்தைப் பார்த்து இடம் சொன்னால் சிரிப்பார். ரெக்கார்டு நோட்டில் வழிகாட்டிய பேராசிரியர் பெயர் மட்டும் இருக்கும்.

தொண்டிப்பொண்ணு | செவ்வாய், இரவு 10.00

வடகடல்காரர்களை யாருமே கணக்கில் எடுக்கவில்லை என்பதால் வந்தேன். தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது, அதை விட்டுவிட்டீர்களே.

இதிலும் வயது வேடிக்கை உண்டு. 1947இல் சென்னையில் ஒரு கூட்டத்தில் ஏ. லட்சுமணசாமி முதலியார் கல்லூரி தொடங்கச் செல்வந்தர்கள் முன்வர வேண்டும் என்று பேச, அழகப்ப செட்டியார் அங்கேயே காரைக்குடியில் தொடங்குகிறேன் என்று சொல்லிவிட்டார், சொன்ன வருடமே தொடங்கியும் விட்டார். மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். அப்போது காரைக்குடி நம் ராமநாதபுரம் மாவட்டம். 1985இல் பல்கலைக்கழகம் ஆனது. அதே 1985இல்தான் மாவட்டத்தை மூன்றாக உடைத்தார்கள். காரைக்குடி சிவகங்கைக்குப் போய்விட்டது, தொண்டி ராமநாதபுரத்தில் நின்றுவிட்டது. ஆக, பல்கலைக்கழகம் அவர்களுக்கு, கடல் நமக்கு.

முகவை மைந்தன் | செவ்வாய், இரவு 10.12

தொண்டி சங்க இலக்கியத்திலேயே வருகிற ஊர். ஐங்குறுநூற்றில் தொண்டிப்பத்து என்று பத்துப் பாடல் தனியாகவே இருக்கிறது. 2000 வருட வளாகம்!

தொண்டிப்பொண்ணு | செவ்வாய், இரவு 10.19

அது சேரர் தொண்டி அண்ணா, மேற்குக் கரையில். நாங்களும் பள்ளிக்கூடத்தில் ஆசையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம், தமிழய்யா உடைத்துவிட்டார்.

கீழக்கரை காக்கா | புதன், காலை 11.45

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். வயது என்று போட்டி வந்துவிட்டதால் கீழக்கரையும் கை தூக்குகிறது.

எங்கள் ஊரில் பொறியியல் கல்லூரி 1984இல் வந்தது, பெண்கள் கல்லூரி 1988இல். இதைத்தான் எல்லோரும் கல்வி வரலாறு என்று எழுதுகிறார்கள். ஆனால் அரூஸிய்யா மதரஸாவை எந்த மலரிலும் பார்க்க முடியாது. 19ஆம் நூற்றாண்டில் மாப்பிள்ளை ஆலிம் இருந்து பாடம் சொல்லிக் கொடுத்த இடம். அரபு எழுத்தில் தமிழை எழுதுகிற அரபுத்தமிழில் அவர் எழுதியதைப் பெண்கள் வீட்டுக்குள் இருந்தே படித்தார்கள். என் உம்மாவின் உம்மாவுக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் அரபுத்தமிழில் கடிதம் எழுதுவார், கொழும்பிலிருந்து வரும் கடிதத்தைப் படிப்பார். ஊர்க் கணக்கில் அவர் பெயர் "எழுதப் படிக்கத் தெரியாதவர்".

அடையாளம் வேண்டும் என்றால் பழைய ஜும்ஆ பள்ளிவாசலுக்கு வாருங்கள். கல் தூண்களைப் பார்த்தால் கோயில் தூண் மாதிரியே இருக்கும், நம் ஊர்க் கல்தச்சர் வேலை. சீதக்காதி பெயரோடு சேர்த்துத்தான் அதைச் சொல்வார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பரீட்சைக்கு முந்தின நாள் அந்தத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துதான் படிப்பார்கள். காரணம் பக்தி என்று நினைக்க வேண்டாம், அங்கேதான் குளுகுளு என்று இருக்கும்.

உச்சிப்புளி உமர் | புதன், மதியம் 1.30

காக்கா, நானும் அந்தத் தூணில் சாய்ந்து படித்தவன்தான். ஃபெயில்.

இன்னொன்று, சிதம்பரத்தில் படித்தவர்கள் யாரும் இல்லையா? அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ராசேந்திரன் சிலை இருக்கிறது. 1965 சனவரி 27 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த மாணவர். அவர் சிவகங்கைக்காரர், அதாவது அப்போதைய கணக்கில் நம் மாவட்டத்துப் பிள்ளை. என் அண்ணன் அங்கே படித்தபோது அவரைப் பார்க்கப் போனேன். "சிலைகிட்ட நில்லு, வர்றேன்" என்றார். யார் சிலை என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை, மூன்று வருடமாக அங்கேதான் ஆட்களைச் சந்திக்கிறார்.

கேம்ப்காரன் | வியாழன், இரவு 9.40

நண்பர்களே, ஒரு புதுச் செய்தி. பழைய விலங்கியல் ஐயா எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார்: "வெளிச் சீட்டை மட்டும் பார்க்காதே, உள்ளே ஒரு சீட்டு கிடக்கும். ஃபார்மலினில் பேனா மை கரைந்துவிடும் என்பதால் பென்சிலில் எழுதி உள்ளே போடுவோம்."

இன்று போனேன். துறைத் தலைவர் சிரித்துக்கொண்டே சாவி கொடுத்தார். ஜாடியை ஜன்னலோரம் வைத்து, பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்தேன். அடியில், அந்தத் துண்டுகளுக்குக் கீழே, தீப்பெட்டி அளவு ஒரு காகிதம். முதலில் வெறும் வெள்ளை. ஜாடியை லேசாகச் சாய்த்ததும் எழுத்து தெரிந்தது. ஆங்கிலத்தில் அதே பெயர், அதே தேதி. அதற்குக் கீழே தமிழில், வேறு கையெழுத்தில், இரண்டு சொல்:

"ராவுத்தர் வத்தை."

அவ்வளவுதான்.

சின்னப்பாலம் செல்வி | வியாழன், இரவு 9.52

பாருங்கள், யாரோ ஒருவருக்கு எழுதத் தோன்றியிருக்கிறது.

தலைமன்னார்பேரன் | வியாழன், இரவு 10.05

பாம்பனில் வத்தை வைத்திருந்த ராவுத்தர் என்றால் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அக்காள்மடம் பக்கம் பெரியவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன், உறுதி சொல்ல முடியாது.

பழைய விலங்கியல் | வியாழன், இரவு 10.30

கையெழுத்தைப் படம் எடுத்தீர்களா? எடுத்திருந்தால் அனுப்புங்கள். மாணவன் எழுதியதாக இருக்கும், ஆசிரியர்கள் அப்படி எழுத மாட்டார்கள். நானும் எழுதியதில்லை.

மலரில் அந்தப் பெயரையும் போடுங்கள். அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். தண்ணீர் மஞ்சளாக இருக்கிறது என்றீர்கள், மட்டம் எவ்வளவு இருக்கிறது? துண்டு வெளியே தெரிகிறதா?

கேம்ப்காரன் | வியாழன், இரவு 10.41

மேல் துண்டின் நுனி வெளியே தெரிகிறது ஐயா. மூடியும் ஒரு ஓரம் விரிந்திருக்கிறது, அதன் வழியாகத்தான் ஆவியாகிக்கொண்டே வந்திருக்கும் போல.

பழைய விலங்கியல் | வியாழன், இரவு 10.48

அப்படியென்றால் நீங்கள் திறக்காதீர்கள், பழைய மூடி கையோடு உடைந்து வரும். சனிக்கிழமை காலை பத்து மணி ரயிலில் வருகிறேன். புது ஃபார்மலின் பத்து சதவீதம் கலந்து வைக்கச் சொல்லுங்கள், வாசலின் ஒரு டப்பா வாங்கி வையுங்கள். அறையில் ஜன்னல் திறக்குமா?

கேம்ப்காரன் | வியாழன், இரவு 10.50

ஒரு ஜன்னல் திறக்கும் ஐயா. இன்னொன்றில் குளவிக்கூடு.